எழுபத்து மூன்றின் வக்கீல்கள்

லண்டன் சோஹோவில், பெர்விக் தெருவின் இசைத்தட்டுக் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மதுக்கூடம். சனிக்கிழமை பிற்பகல். வெளியே நசநசவென்று மழை. பின்பக்கத்து வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர். நாற்காலிகளுக்கு அடியில் சதுரப் பைகள். பன்னிரண்டு அங்குல எல்பி இருக்கிற பையை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். அதை மடிக்க முடியாது, சாய்த்து வைக்க மனம் வராது. ஈரத் தரையில் வைக்கும் முன் ஒருவர் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து விரித்ததைப் பார்த்தேன்.

மூன்று ஆண்கள், எழுபதை ஒட்டிய வயது. ஒரு பெண்மணி, அவருக்கும் ஏறக்குறைய அதே வயது, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஐந்தாவது ஆள் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன், மூவரில் ஒருவருக்கு மருமகன் முறை. பக்கத்து மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்த எனக்கு அவர்கள் பெயர்கள் தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்திலேயே ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு ஆல்பத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேள்வி இதுதான்: 1973இல் வந்த புரோகிரசிவ் ராக் ஆல்பங்களில் எது முதல்? 'ப்ராக்' என்று சுருக்கிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடும், தாளம் திடீர் திடீரென்று மாறும், மெலட்ரானும் மூக் சிந்தசைசரும் முழங்கும், அட்டைப்படத்தை அரைமணி நேரம் பார்க்கலாம். அந்த இசை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஒன்று அது. 1972தான் உச்சம் என்று ஒருவர் இழுத்தார். "அதைப் போன தடவையே முடிச்சாச்சு" என்று மற்றவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள்.

முதல் தகராறு காலண்டரைப் பற்றி வந்தது. யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்' இங்கிலாந்தில் 1973 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1974 ஜனவரியில். அதைச் சேர்க்கலாமா கூடாதா? ஒல்லியான மனிதர் ஒருவர் எலுமிச்சை சோடாவை உறிஞ்சிக்கொண்டே, "குழு நம்ம ஊர். கடை நம்ம ஊர். கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே அது என் கையில இருந்துச்சு" என்றார். மற்ற நால்வர் முன்னாலும் பைன்ட் கிளாஸ்கள். சோடாவுக்கு மருத்துவர் காரணமாக இருக்கலாம். சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது முடிவு அரை நிமிடத்தில் முடிந்தது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' போட்டியில் கிடையாது. கம்பளித் தொப்பி போட்டவர்தான் சொன்னார், மற்ற ஆண்கள் தலையாட்டினார்கள். அமெரிக்கப் பட்டியலில் 1988 வரை எழுநூறு வாரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த தட்டு அது. உலகமே வாங்கியதை நாம் வேறு எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பெண்மணி மட்டும் விடவில்லை.

"எல்லாருக்கும் பிடிக்கும்ங்கிறதுக்காகத் தள்ளி வைப்பீங்களா? அது ப்ராக் இல்லையா?"

ப்ராக்தான், ஆனால் முழுசாக ப்ராக் இல்லை, என்று ஏதோ ஒரு மழுப்பல் வந்தது. அவர் கிளேர் டோரியின் கதையை எடுத்தார். அந்த ஆல்பத்தின் முதல் பக்கக் கடைசியில், வார்த்தையே இல்லாமல் குரலால் மட்டும் அழுது, கூவி, அடங்குகிற பெண். அபி ரோடு ஸ்டூடியோவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், பாடிக் கொடுத்தார், 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். 2004இல் வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு சமரசம் ஆகி, இசையமைத்தவர் பெயரோடு அவர் பெயரும் ஏறியது. "முப்பது வருஷம்" என்றார் பெண்மணி, தன் பணமே பாக்கி நின்றதுபோல.

"சரி, சேர்த்துக்கலாம். நீ அதுக்குத்தான் ஓட்டுப் போடப்போறியா?"

"இல்லையே" என்றார் அவர், சிப்ஸ் பொட்டலத்தை இரண்டு பக்கமும் கிழித்து மேசை நடுவில் தட்டையாக விரித்தபடி.

அதற்குப் பிறகு அந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் வாதாடவும் ஒன்றும் இல்லை. மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' கதியும் இதேதான். இருபது வயதுப் பையன், பெரும்பாலும் தனி ஆளாக எல்லா வாத்தியங்களையும் வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்த தட்டு. வர்ஜின் கம்பெனியின் முதல் வெளியீடு, அந்தக் கம்பெனியையே தூக்கி நிறுத்தியது. "நல்ல தட்டு" என்றார்கள், சிப்ஸ் எடுத்துக்கொண்டார்கள். எமர்சன், லேக் அண்ட் பாமரின் 'பிரெய்ன் சாலட் சர்ஜரி'க்கு இன்னும் குறைந்த நேரம். எச். ஆர். கீகர் வரைந்த, நடுவில் கதவுபோலப் பிளந்து திறக்கிற அந்த அட்டையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அட்டைக்கு முதல் பரிசு, உள்ளே இருப்பதற்கு ஆறுதல் பரிசு. எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

பிறகு கம்பளித் தொப்பிக்காரர் ஆரம்பித்தார். அவர் ஜெனிசிஸ் கட்சி. 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்'. அட்டையில் பெட்டி ஸ்வான்விக் வரைந்த தோட்டம், பெஞ்சில் படுத்துத் தூங்குகிற ஆள். மூல ஓவியத்தில் இல்லாத புல்வெட்டும் இயந்திரத்தைக் குழு கேட்டதற்காக ஓவியர் பிறகு சேர்த்தார் என்று சொல்லி, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பையனுக்குப் பரீட்சை வைத்தார். பையன் சரியாகச் சொன்னான். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வாதத்தை வாயால் நடத்தாமல் விரலால் நடத்தினார். பைன்ட் கிளாஸைத் தள்ளி வைத்தார், இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் வைத்தார், 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டின் தொடக்கப் பியானோவை வாசிக்கத் தொடங்கினார். டோனி பேங்க்ஸ் எழுதிய பகுதி. பதின்மூன்று, பதினைந்து என்று மாத்திரைகள் ஒற்றைப்படையில் ஓடும், கால் போட்டுக் கணக்கு வைக்க முயன்றால் தவறிவிடும். மேலே ஸ்பீக்கரில் எண்பதுகளின் நடனப் பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது அந்த ஐவரில் ஒருவர் காதிலும் விழவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் மரத்தில் விரல்கள் மட்டும் ஓடின. நால்வரும் அந்த விரல்களைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"நடுவுல ஒரு சுரத்தை விட்டுட்டே" என்றார் எதிரே இருந்தவர். சத்தமே இல்லாத வாசிப்பில் விட்டுப்போன சுரத்தை அவர் கண்டுபிடித்தார். விட்டவரும் ஒப்புக்கொண்டார்.

இந்த எதிராளி பெரிய உடம்புக்காரர். நகக்கண்ணில் கிரீஸ் கறை, இத்தனை வருடத்தில் தோலோடு சேர்ந்துவிட்ட மாதிரி. ஜெனிசிஸின் அதே ஆல்பத்தில் எப்பிங் காட்டுச் சண்டையைப் பற்றிய நீளமான பாட்டு ஒன்று உண்டு. லண்டன் ரவுடிக் கோஷ்டிகள் எல்லைக்காக அடித்துக்கொள்கிற கதை. அதில் வார்த்தை அதிகம், மூச்சு விடக்கூட இடம் இல்லை என்றார். தொப்பிக்காரருக்கு அதை மறுக்க வழி தெரியவில்லை. "அதைத் தவிர" என்றார். ஒரு ஆல்பத்தின் பன்னிரண்டு நிமிடத்தை "அதைத் தவிர" என்று கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கிரீஸ்கைக்காரர் கேட்டார்.

ஆனால் அவருக்கும் ஒரு "அதைத் தவிர" இருந்தது. அவர் ஜெத்ரோ டல் ஆள், 'எ பேஷன் பிளே'யின் வக்கீல். செத்துப்போன ஒருவன் மறுவுலகத்தில் அலைகிற கதை, இரண்டு பக்கமும் ஒரே தொடர்ச்சியான இசை. அமெரிக்காவில் முதலிடம் போனது. விமர்சகர்களோ கிழித்துத் தோரணம் கட்டினார்கள். குழு இனி மேடையேறாது என்று மெலடி மேக்கர் பத்திரிகையில் செய்தி வரும் அளவுக்குப் போனது. இத்தனையையும் அவரே சொன்னார். எதிர்க்கட்சி சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது பழைய வக்கீல் தந்திரம். அந்த ஆல்பத்தின் நடுவில், மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த முயலைப் பற்றி ஒரு குழந்தைக் கதை வரும். இசையை வெட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

"முயலைப் பத்தி என்ன சொல்றே?" என்றார் தொப்பி.

"கேசட்ல பதிவு பண்ணும்போது முயலை எடுத்துட்டேன். இன்னிக்கு வரைக்கும் என் வீட்ல முயல் கிடையாது."

பெண்மணி சிரித்ததில் மேசை ஆடியது. அவருடைய ஆல்பம் ஜென்டில் ஜயன்ட்டின் 'இன் எ கிளாஸ் ஹவுஸ்'. கண்ணாடி உடைகிற சத்தத்தையே தாளமாகக் கட்டித் தொடங்குகிற தட்டு. மூன்று ஷுல்மன் சகோதரர்களில் மூத்தவர் ஃபில் விலகிப்போனபின் மற்றவர்கள் தட்டுத்தடுமாறிச் செய்தது. அமெரிக்கக் கம்பெனி வெளியிட மறுத்தது, அங்கே இறக்குமதியாகவே விற்றது. குழுவினருக்கே அதன்மேல் பெரிய பிரியம் இல்லை என்று தொப்பிக்காரர் சீண்டினார். "பெத்தவங்க சொல்றதை வச்சா பிள்ளையை எடை போடுவாங்க?" என்று பெண்மணி கேட்டு முடித்துவிட்டு, தன் முறை வந்ததால் எல்லாருக்கும் அடுத்த ரவுண்டு வாங்க எழுந்து போனார். முறை வைத்துத்தான் வாங்குகிறார்கள். சோடாக்காரரும் தன் முறைக்கு எல்லாருக்கும் பைன்ட் வாங்கித் தந்தார்.

பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. திறந்ததும் பொரிந்தான். "நீங்க இந்த அஞ்சாறு குழுவுக்குள்ளேயே சுத்துறீங்க. அந்த வருஷம் இங்கிலாந்துக்கு வெளியே யாரும் ரெக்கார்ட் போடலையா?" இத்தாலியின் பிஎஃப்எம், லே ஓர்மே, ஜெர்மனியின் ஃபௌஸ்ட் என்று அடுக்கினான். கடைசியில் தன் கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றினான்: பிரான்சின் மாக்மா. கிறிஸ்டியன் வாண்டேர் என்கிற டிரம்மர், தானே உண்டாக்கிய கோபாயன் என்கிற மொழியில் குழுவைக் கோஷ்டியாகப் பாடவைத்த ஆல்பம். அதன் பெயரை அவன் உச்சரித்த வேகத்துக்கு அண்டை மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஃபௌஸ்ட்டின் 'ஃபௌஸ்ட் டேப்ஸ்' பற்றி மட்டும் கிரீஸ்கைக்காரர் சாட்சி சொன்னார்: "அரை பவுண்டு கூட இல்ல. ஒரு சிங்கிள் விலைக்கு முழு எல்பி. அதனாலதான் வாங்கினேன். ஒரு தடவை போட்டேன்."

"இன்னும் வச்சிருக்கீங்களா?" பையன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

இடையிடையே இன்னொரு பெயர் வந்து போனது: கிங் கிரிம்சனின் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. வரும்போதெல்லாம் "அது சரிதான்" என்று யாராவது சொல்வார், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதற்கு எதிராகவும் யாரும் இல்லை, வக்காலத்து வாங்கவும் யாரும் இல்லை.

மாலை நாலரைக்குச் சோடாக்காரர் தன் வழக்கை எடுத்தார். அந்த மேசையிலேயே கடினமான வழக்கு அதுதான். 'டேல்ஸ்' என்றால் ப்ராக் ரசிகர்களுக்கே சிரிப்பு. இரட்டை எல்பி. நாலு பக்கத்துக்கு நாலே பாட்டு, மொத்தம் எண்பது நிமிடம். இந்த இசையின் மேல் சொல்லப்பட்ட எல்லாக் குற்றச்சாட்டுக்கும் இன்றுவரை முதல் சாட்சியம் அதுதான். மற்றவர்கள் ஆளுக்கொரு கல்லாக எடுத்தார்கள். மார்கன் ஸ்டூடியோவில் பதிவின்போது கிராமத்துச் சூழல் வேண்டும் என்று வைக்கோல் கட்டும் பொம்மைப் பசுவும் கொண்டுவந்து நிறுத்தியது. தட்டு வெளிவரும் முன்பே ரெயின்போ அரங்கில் முழுசாக வாசித்து, ஒரு சுரமும் தெரியாத கூட்டத்தைத் திகைக்க வைத்தது. மான்செஸ்டர் மேடையில் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன் அலுப்பில் உட்கார்ந்து கோழி விண்டாலு சாப்பிட்டது. இதை வேக்மனே பல மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே குழுவை விட்டும் போனார்.

சோடாக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது எங்கிருந்து பிறந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார். பாடகர் ஜான் ஆண்டர்சன் டோக்கியோவில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படிக்கிறார். ஒரு பக்கத்தின் அடிக்குறிப்பில் இந்து சாத்திரங்கள் நான்கு வகை என்று வருகிறது: ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நான்கு வகை, நான்கு பக்கம். ஆல்பத்தின் திட்டம் அந்த நொடியில் முடிந்துவிட்டது. ஒரு அடிக்குறிப்பை எண்பது நிமிட ராக் இசையாக்கியவர் உலகில் வேறு யாரும் இருப்பார் என்று தோன்றவில்லை. அந்த நான்கு சொற்களைச் சோடாக்காரர் நிறுத்தி நிறுத்தி, ஏறக்குறையச் சரியாகவே உச்சரித்தார். வாய் திறக்க எனக்கு ஆசைதான். திறக்கவில்லை. யோகியின் அடிக்குறிப்பில் தொடங்கி விண்டாலுவில் முடிந்த இந்திய விவகாரம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டதோடு சரி.

"அந்தப் புத்தகத்தை அவர்கிட்ட சொன்னது யாரு?" என்று கேட்டார் சோடாக்காரர். தொப்பிக்குத் தெரிந்திருந்தது: ஜேமி மியூர். யெஸ்ஸை விட்டுக் கிங் கிரிம்சனுக்குப் போன டிரம்மர் பில் புரூஃபோர்டின் கல்யாணத்தில் ஆண்டர்சன் அவரைச் சந்தித்தார். மியூர் கிரிம்சனின் தாளக்காரர். சங்கிலி, இரும்புத் தகடு, மணி, பொம்மை, எது கிடைத்தாலும் அடிப்பவர். அந்த பிப்ரவரியில் மார்க்கி கிளப்பில் வாசித்ததோடு குழுவை விட்டுப் போய், ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்துவிட்டார். மார்க்கி இருந்தது வார்டர் தெரு 90ஆம் எண்ணில், இந்த மதுக்கூடத்திலிருந்து நடந்தே போகலாம். ஐவரும் ஒரே சமயத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். 1988லேயே கிளப் அங்கிருந்து போய்விட்டது.

பிறகுதான் சோடாக்காரரின் உண்மையான வாதம் வந்தது. எண்பது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடம் தேவையில்லாதது, இரண்டாவது பக்கத்தில் தூங்கியே போயிருக்கிறேன், என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த டிசம்பரை நினைத்துப் பாருங்கள் என்றார். எண்ணெய் நெருக்கடி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவேண்டி டிவியை இரவு பத்தரைக்கே மூடச் சொல்லி அரசாங்க உத்தரவு. "பத்தரைக்கு மேல வேற என்ன இருந்துச்சு? ஒரு பக்கம் போடுவேன். மறுநாள் அடுத்த பக்கம். நாலு நாளைக்கு ஒரு ஆல்பம். அதை ஒரே மூச்சுல கேட்டவங்கதான் திட்டுறாங்க." கிரீஸ்கைக்காரர் பதில் சொல்லவில்லை, கிளாஸைக் கொஞ்சம் நகர்த்தினார். எல்லாருடைய வாதத்திலும் சிறந்தது இதுதான். மோசமான கட்சிக்காரருக்குத்தான் நல்ல வக்கீல் வாய்ப்பார் போலிருக்கிறது.

ஓட்டெடுப்பு பீர் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையின் பின்பக்கத்தில் நடந்தது. ஆளுக்கு மூன்று இடம். முதலிடத்துக்கு ஐந்து பேரும் ஐந்து ஆல்பம் எழுதியிருந்தார்கள். எவரும் எவரையும் அசைக்கவில்லை. பையன் விடாமல் முதலிடத்துக்கு மூன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு, மூன்றாமிடத்துக்கு ஒன்று என்று போனில் கூட்டினான். 'டார்க் சைட்' பெண்மணியின் தயவில் ஒரே ஒரு புள்ளி வாங்கியது. 'செல்லிங் இங்கிலாந்து' ஏழு. ஒருவர்கூட முதலிடம் தராத, ஒருவர்கூட வாதாடாத 'லார்க்ஸ் டங்ஸ்' ஒன்பது. நாலு பேர் பட்டியலில் அது இரண்டாவது, ஒருவர் பட்டியலில் மூன்றாவது.

"இது என்ன, கவுன்சில் தேர்தலா?" என்று தொப்பிக்காரர் அட்டையைத் திருப்பி வைத்து, அதன்மேல் கிளாஸை வைத்துவிட்டார். முடிவு செல்லாது என்பதில் மட்டும் நால்வரும் ஒரே கட்சி. பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அடுத்த கூட்டத்துக்கு 1974 என்று பேசி முடித்தார்கள்.

என் ஓட்டு பையனின் கூட்டலுக்குத்தான். 1973இல் வந்தவற்றில் எந்த நிமிடத்தையும் "அதைத் தவிர" என்று கழிக்கத் தேவையில்லாத, அதே சமயம் இன்றும் பழகிப்போகாத ஆல்பம் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. ஒன்றைத்தான் கேட்க நேரம் உண்டு என்பவர்கள் அதைக் கேளுங்கள். முதல் மூன்று நிமிடம் மியூர் கட்டைவிரலால் மீட்டுகிற சின்னத் தகடுகளின் ஒலி மட்டும்தான் மெல்லியதாக வரும். சத்தம் போதவில்லை என்று வால்யூமைக் கூட்டிவிடாதீர்கள், பின்னால் ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டார் வருகிறது.